முதலாளியின் தும்மல்

எனக்குப் பயமில்லை என்று ஆட்களிடையே ஒரு பெயர் உண்டு. அது பொய். நான் பேசுவது குறைவு. பேசாமல் இருக்கிறவனைப் பார்த்தால் பயமில்லாதவன் மாதிரித் தெரியும். அவ்வளவுதான். பயத்தில் வாய் திறக்க ஏலாமல் நின்ற இடங்களில்கூட "அன்ரன் கல்லு மாதிரி நிண்டான்" என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. (மறுக்கிறதென்றாலும் கதைக்க வேண்டுமே.)

அந்தக் கல்லு ஒரு நாள் ஒரு மரக் கொட்டிலுக்குள் செபமாலையைப் பல்லால் கடித்துக்கொண்டு இருந்தது. அதை எழுது என்று என் மனைவி றெஜினா கனகாலமாகச் சொல்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து நேராக வராது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹம்பேர்க்கில் ஒரு சலவை ஆலையில் எனக்கு வேலை. ஹோட்டல்களின் கட்டில் விரிப்புகள் வரும். தோய்த்து, சூடான உருளைக்குள்ளால் விட்டு, மடித்து அனுப்புவோம். உருளையின் மறுபக்கத்தில் நிற்கிறவன் நான். விரிப்பு ஆவியோடு வெளியே வரும். பிடிக்க வேண்டும், மடிக்க வேண்டும். நித்திரையிலும் மடித்தேன்.

முதலாளியின் பெயர் ஹெர் புரூன்ஸ். ஐம்பது வயது. ஆறடிக்கு மேல் உயரம். அவரும் அதிகம் கதைக்க மாட்டார். அவரிடமிருந்து வருகிற ஒரே பெரிய சத்தம் தும்மல்தான். சலவைத் தூள் அவருக்கு ஒத்துவராது. குளிரும் ஒத்துவராது. முதலில் நாய்க்குட்டி முனகுவது மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று. பிறகு ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு இடி. எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தாலும் கடைசி மூலையில் நிற்கிற எனக்குக் கேட்கும்.

என் வேலை ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது. றெஜினா கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அறையில் இருந்தாள். கலியாணம் கட்டி மூன்றாம் மாதம் நான் வெளிக்கிட்டவன். நாலு வருடம் ஓடிவிட்டது. அவளைக் கூப்பிட அன்ராக் போட வேண்டும். விண்ணப்பத்துக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். வெளிநாட்டவர் அலுவல் பார்க்கிற கந்தோரில் இருந்த பெண் சொன்னது ஒன்றே ஒன்று: முடிகிற தேதி போடாத வேலை ஒப்பந்தம் கொண்டு வா. அதைத் தரக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் தும்மிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். (அவர் ஜெர்மனில் சொன்னதை நான் எங்கட தமிழில்தான் எழுதுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.)

"அன்ரன், நீ தீவு ஆள்தானே?"

"யா." மன்னாரும் தீவுதானே.

"அங்க கடல்நீரேரி இருக்கோ?"

"யா."

"பறவையள் வருமோ?"

"யா."

"உனக்குப் பறவை பாக்க விருப்பமோ?"

அதற்கும் "யா" என்றேன். ஒப்பந்தம் கையில் இல்லாதவனுக்கு ஜெர்மன் மொழியில் வேறு சொல் கிடையாது. உண்மையைச் சொன்னால், நான் பறவையை உற்றுப் பார்த்ததெல்லாம் சட்டிக்குள்தான்.

வடக்கில் இருந்து பெருங்கொக்குகள் வருமாம். கிழக்குக் கடல் பக்கம் ரூகன் தீவு. அதற்குப் பக்கத்தில் பாலத்தால் போகிற சின்னத் தீவு ஒன்று. அங்கே நீரேரியில் பின்னேரம் வந்து இறங்கி, தண்ணீருக்குள் நின்றபடி நித்திரை கொள்ளுமாம். போன வருடம் மேற்பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு போனாராம். அந்த மனிதன் இனிப்பு ஒன்றின் தாளை உரித்தானாம். எல்லாம் எழும்பிப் பறந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது ஹெர் புரூன்ஸின் முகம் செத்தவீட்டு முகம்.

"நீ கதைக்க மாட்டாய். அதுதான் உன்னைக் கேக்கிறன்" என்றார்.

அறையில் என்னோடு இருந்தவர் எட்வின் அண்ணை. அந்த ஆலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். விசயத்தைச் சொன்னேன்.

"போ. போய் அவர் சொல்லுறதை அப்பிடியே செய். ஒப்பந்தம் கைக்கு வரும்மட்டும் நீ மனுசன் இல்லையடா, கட்டில் விரிப்பு. எப்பிடி மடிச்சாலும் மடி" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் மொட்டையங்கள் கனபேர், எங்கட நிறத்தைக் கண்டால் அடிப்பாங்கள். காரை விட்டு இறங்காதை" என்றார்.

"இறங்காம எப்பிடியண்ணை பறவை பாக்கிறது?"

"அது உன்ர பாடு."

றெஜினாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"முதலாளி பறவை பாக்கக் கூப்பிடுறார்."

"பிடிக்கவோ?"

"இல்லை. பாக்க."

"பாத்திட்டு?"

"எண்ணுறதாம்."

"எண்ணிட்டு?"

"வீட்ட வாறது."

கடலுக்கு அடியில் வயர் இரையும் சத்தம் மட்டும் கேட்டது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்றாள்.

சனிக்கிழமை போனோம். குளிருக்குப் பயந்து இரண்டு காற்சட்டை, ஒன்றுக்கு மேல் ஒன்று. மூன்று சுவெற்றர். எட்வின் அண்ணையின் நீளச் சால்வை. என்னைப் பார்த்தால் தோய்க்க வந்த மூட்டை என்றுதான் சொல்லலாம். கார் நாலு மணித்தியாலம் ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது மொத்தம் மூன்று வசனம். மூன்றும் அவருடையவை.

ரூகன் வந்ததும் தெருக்கள் வெறுமையாகின. ஒரு பழைய படைமுகாம். யன்னல்களில் கண்ணாடி இல்லை. பிறகு ஒரு கிராமம். எல்லா வீட்டிலும் யன்னல் அடைத்திருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பாலம் தாண்டி, கார் போக முடியாத இடத்தில் நிறுத்தினார். அதற்கு மேல் நாணல். என்னைவிட உயரம். நடுவில் ஒரு பலகைப் பாதை, இரண்டு பலகை அகலம். காற்றே இல்லை. ஆனாலும் நாணல் உரசிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ எங்களுக்குச் சமமாக நடக்கிற மாதிரி.

கடைசியில் ஒரு கொட்டில். மரக்கால்களில் நின்றது. உள்ளே இருக்க ஒரு வாங்கு. முன்பக்கம் தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு நீளப் பிளவு. அதால் பார்த்தால் நீரேரி. சாம்பல் தண்ணீர், சாம்பல் வானம். இரண்டுக்கும் இடையில் கோடு இல்லை.

ஹெர் புரூன்ஸ் குரலைக் காற்றாக்கிச் சொன்னார்: "கதையாதை. எழும்பாதை. வெளிச்சம் போடாதை. ஒண்டு பயந்தால் எல்லாம் போயிடும்."

தலையாட்டினேன். எனக்குப் பொருத்தமான வேலை.

ஒரு மணித்தியாலம் இருந்தோம். முதலில் ஐந்தாறு கொக்கு வந்தது. அவர் தூரக்கண்ணாடியால் பார்த்தார். ஒன்றின் காலில் நிற வளையம் போட்டிருந்ததாம். எந்தெந்த நிறம் என்று எழுதி அனுப்பினால் அது எந்த நாட்டில் குஞ்சாகப் பொரித்தது என்று சொல்லுவார்களாம். இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. பலகைப் பாதையில் கொஞ்சம் தள்ளிப்போனால் தெரியும்.

"பத்து நிமிசம். நான் வருமட்டும் அசையாதை" என்றார். போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்தது. மேலிருந்து வரவில்லை. தண்ணீரில் இருந்து எழும்பியது. சூடான உருளையில் இருந்து விரிப்பு வருவது மாதிரி, வெள்ளையாக, அகலமாக, மடிப்பில்லாமல். பிடிக்க ஆளில்லாமல் வந்துகொண்டே இருந்தது. முதலில் தண்ணீர் மறைந்தது. பிறகு நாணலின் அடி மறைந்தது. மைம்மல் நேரம். நல்ல வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை.

பத்து நிமிடம் போய்விட்டது. இருபதும் போய்விட்டது.

"அன்ரன்."

கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஆனால் அது பாதைப் பக்கமிருந்து வரவில்லை. நாணலுக்குள் இருந்து வந்தது. இன்னொன்று. மனிதக் குரல் மனித உயரத்தில் வரும். இது தண்ணீர் மட்டத்தில் வந்தது. சத்தம் போடவில்லை. அவசரமும் இல்லை. பக்கத்து அறையில் இருந்து கூப்பிடுவது மாதிரி, அன்பாகக் கூப்பிட்டது.

என் முதுகு மயிர் மூன்று சுவெற்றரையும் குத்திக்கொண்டு எழும்பியது.

எங்கட பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். மைம்மல் நேரம் தண்ணீர்க் கரையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "ஓம்" என்று சொல்லக்கூடாது. போகவும் கூடாது. அது இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாம் தரம் கூப்பிட அதற்கு ஏலாது. மனிதன் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவான். நாலாம் தரம் தூஷணத்தோடு கூப்பிடுவான். ஆகவே மூன்று வருமட்டும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு "ஓம்" சொன்னவர்களின் தோணி மட்டும் தனியாகக் கரைக்கு வரும்.

ஜெர்மன் பேய்க்கு என் பெயர் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் அது ஜெர்மன்காரர் உச்சரிக்கிற மாதிரித்தான் உச்சரித்தது. உள்ளூர்ப் பேய் உள்ளூர் மாதிரித்தானே கூப்பிடும்? (அந்த நேரம் இது எனக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது.)

பேசாமல் இருந்தேன். காத்திருந்தேன்.

கனநேரம் கழித்து இரண்டாவது வந்தது.

"அன்ரன். வா."

முதலாவதைவிட மெதுவாக.

செபமாலையை எடுத்தேன். மணிகள் வாங்கில் பட்டுச் சத்தம் போட்டன. கதையாதை, அசையாதை என்பது முதலாளியின் கட்டளை. அதனால் மணிகளைப் பல்லால் கடித்துப் பிடித்தேன். கணக்கைச் சுருக்கமாகப் போட்டேன். வந்தது பேயாக இருந்து, நான் போனால், றெஜினா கொழும்பில் கைம்பெண். வந்தது முதலாளியாக இருந்து, நான் போகாவிட்டால், ஒப்பந்தம் போச்சு. றெஜினா கொழும்பில் கைம்பெண் மாதிரி. மூன்றாம் குரல் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும். முதலாளி என்றால் கட்டாயம் கூப்பிடுவார். அந்தோனியாரே, மூன்றாவது வரட்டும்.

மூன்றாவது வரவில்லை.

பதிலாகக் கொக்குகள் வந்தன.

முதலில் சத்தம்தான். தூரத்தில், மேலே. துருப்பிடித்த கோயில் கதவுகள் ஆயிரம் ஒன்றாகத் திறப்பது மாதிரி. பிறகு செட்டைச் சத்தம் தலைக்கு மேலால் போனது. கொட்டில் அதிர்ந்தது. இறங்கின, இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. பிளவால் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பனி தண்ணீரின் மேல் இடுப்பளவுக்கு நின்றது. அதற்கு மேல் சாம்பல் உருவங்கள். கூனிய தோள்கள். நூற்றுக்கணக்கில். ஒன்றுக்கும் கால் இல்லை. நிலத்தில் படாத கால் எதற்கு உரியது என்று எங்கட ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எல்லாம் என் பக்கம் பார்த்துக்கொண்டு மிதந்தன. பிறகு ஒரே நேரத்தில் சத்தம் நின்றது. நாணல் உரசுவதும் நின்றது. மூச்சு விடவே வெட்கமாக இருந்தது.

அந்த அமைதிக்குள், தண்ணீர் மட்டத்தில் இருந்து, நாய்க்குட்டி முனகுவது மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

ஒரு மூச்சு நேரம் அமைதி.

பிறகு இடி.

நீரேரி முழுக்க எழும்பியது. காலில்லாதவை எல்லாவற்றுக்கும் நீட்டுக் கால் முளைத்தது. வானம் கறுத்தது. நான் செபமாலையைத் துப்பினேன். பேய் தும்மியதாக எங்கட ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. உலகத்தில் அப்படித் தும்முகிற ஆள் ஒருவர்தான்.

ஓடினேன்.

பாதையில் இருந்து பத்தடி தள்ளி, நாணலுக்குள், ஹெர் புரூன்ஸ் நின்றார். இடுப்புவரை சேறு. இரண்டு கைகளும் தலைக்கு மேல். ஒரு கையில் தூரக்கண்ணாடி. மறுகையில் குறிப்பெழுதும் கொப்பி. முகம் நீலம். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதன், வளையத்தைப் பார்க்கிற ஆசையில் பலகையை விட்டு இறங்கியிருக்கிறார். இறங்கக்கூடாது என்று பக்கத்திலேயே அறிவிப்பு எழுதி அடித்திருந்தது.

"ஆறி அமர வந்திருக்கிறாய்" என்றார்.

அவர் துள்ளத் துள்ளச் சேறு அவரை இழுத்தது. நீரேரிச் சேறு எனக்குத் தெரியும். அதை மட்டும் எனக்கு நல்லாகத் தெரியும். நின்றால் தாழும். படுத்தால் தாழாது. "படுங்கோ" என்று சொல்ல வேண்டும். மரியாதையான ஜெர்மன் சொல் அகப்படவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே சொல், எங்கள் மாடிவீட்டுக் கிழவி தன் நாயைப் படுக்கச் சொல்லிக் கத்துகிற சொல்.

"பிளாற்ஸ்!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"பிளாற்ஸ், ஹெர் புரூன்ஸ்! பிற்ற!" கடைசியில் தயவுசெய்து என்றும் சேர்த்துக்கொண்டேன்.

என்னைக் கட்டில் விரிப்பாக வைத்திருக்கிறவர், அந்த நாயைவிடக் கெதியாக, முகங்குப்புறப் படுத்தார். நானும் பலகையில் படுத்துச் சால்வையை எறிந்தேன். இழுத்தேன். ஈர விரிப்பு இழுத்துப் பழகிய கை. அவர் அங்குலம் அங்குலமாக வந்தார். சப்பாத்துகள் வரவில்லை. அவை இப்போதும் அங்கேதான்.

காருக்குப் போய் அவருடைய நனைந்த காற்சட்டையைக் கழற்ற வைத்தேன். என்னுடைய இரண்டில் மேலே போட்டிருந்ததைக் கொடுத்தேன். அது அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அதோடு, வெறுங்காலில், வழியில் ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் போய் இரண்டு கோப்பி வாங்கினார். உள்ளே நாலு மொட்டையங்கள் நின்றார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். வழி விட்டார்கள்.

கோப்பி குடித்து முடித்த பிறகு கேட்டார்.

"நான் கூப்பிட்டது கேட்டதோ?"

பொய் சொல்லலாம். வரவில்லை.

"யா."

"எத்தினை தரம்?"

"இரண்டு."

"ஏன் வரேல்லை?"

என் ஜெர்மன் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். "எங்கட ஊர். தண்ணிக் கரை. பேய் இரண்டு தரம் கூப்பிடும். மனுசன் மூண்டு தரம்."

கார் ஓடியது. ஒரு மணித்தியாலம் ஓடியது. நான் றெஜினாவுக்கு என்ன சொல்லுவது என்று வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.

"மூண்டாம் தரம் கூப்பிட்டிருந்தால்?" என்றார்.

"ஓடி வந்திருப்பன்."

"மூண்டாம் தரம் கூப்பிட வாய் திறந்தனான்," என்றார், "அப்பத்தான் கொக்குகள் இறங்கத் தொடங்கினது."

அவ்வளவுதான். ஹம்பேர்க் வருமட்டும் வேறு கதை இல்லை. இடுப்புவரை சேற்றில் தாழ்ந்துகொண்டு, பறவை பயந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்ட மனிதன் அவர். உதவிக்குப் போகாமல் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். இரண்டு பேரில் யார் பெரிய முட்டாள் என்று அன்றிரவு எட்வின் அண்ணையிடம் கேட்டேன். "நீதான்" என்றார். யோசிக்கவே இல்லை. "திங்கட்கிழமை வேற வேலை தேடு. பல்லு விளக்கிப்போட்டுப் போ, செபமாலை மணம் அடிக்குது."

திங்கட்கிழமை உருளைக்கு முன்னால் நின்றேன். கந்தோர்க் கதவு திறந்தது.

"அன்ரன்" என்றார் ஹெர் புரூன்ஸ்.

நான் திரும்புவதற்கு முதல், "அன்ரன்" என்றார்.

பிறகு, ஆலை முழுக்கக் கேட்க, "அன்ரன்!"

போலந்துப் பெண்கள் இரண்டு பேர் மடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே போனேன். மேசையில் என் காற்சட்டை, தோய்த்து, அழுத்தி, ஹோட்டல் மடிப்பில் இருந்தது. அதற்கு மேல் ஒரு தாள். முடிகிற தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்.

"பறவை பாக்க உன்னை இனிக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்" என்றார். தும்மினார். கையெழுத்து வைத்தேன்.

றெஜினா அடுத்த வைகாசியில் வந்தாள். விமான நிலையத்தில் எட்வின் அண்ணை முந்திக்கொண்டு கதையைச் சொல்லிவிட்டார். அன்றுமுதல் வீட்டில் என்னை ஒரு தரம் கூப்பிட்டால் அதற்குக் கணக்கில்லை. "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ, சோறு ஆறுது." பிள்ளைகளும் அப்படித்தான். கோபமென்றால் றெஜினா இரண்டோடு நிறுத்திவிடுவாள். அன்றைக்கு வீட்டில் உலாவுவது பேய்தான்.

ஹெர் புரூன்ஸ் ஓய்வெடுத்து, அந்த நீரேரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு ஐப்பசியும் ஒரு தபாலட்டை வரும். முன்பக்கம் கொக்கு. பின்பக்கம் என் பெயர் மூன்று தரம். வேறு ஒரு சொல்லும் இருக்காது.

போன வருடமும் வந்தது. இரண்டு தரம்தான் எழுதியிருந்தது.

"வயசு போட்டுது. மறந்திருப்பார்" என்றாள் றெஜினா.

அவர் மறக்கிற ஆள் இல்லை. ரெலிபோன் எடுத்தேன். அங்கே தூக்கினார்கள். ஆனால் குரல் இல்லை. வெறும் இரைச்சல். தூரத்தில் துருக் கதவுகள் திறக்கிற சத்தம்.

"ஹெர் புரூன்ஸ்" என்றேன்.

பதில் இல்லை.

"ஹெர் புரூன்ஸ்."

இல்லை.

"ஹெர் புரூன்ஸ்!"

நாய்க்குட்டி முனகியது. ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு இடி. ரெலிபோனைக் காதில் இருந்து எடுத்துவிட்டேன்.

"மூண்டு. சரி, நீ மனுசன்தான்" என்றார் அந்தக் கிழவர். "நான் இரண்டு தரம்தான் கூப்பிட்டனான். இந்தமுறை வந்திட்டாய்."

நான் கல்லு மாதிரி நின்றேன். (றெஜினா வேறு மாதிரிச் சொல்லுவாள். நம்பாதையுங்கோ.)